தண்ணீர் தெரியும் மாடி

ஆகஸ்ட் 11, 2024 – ஞாயிறு

பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்து இதில் ஒட்டியிருக்கிறேன்.

"நூற்றிருபது வருடப் பழமையான தோட்டத்துரை பங்களா, இப்போது நான்கு வீடுகளாக. மேல் மாடி விற்பனைக்கு. தேக்குத் தளம், வளைந்த பெரிய ஜன்னல், நீர்த்தேக்கத்தில் ஓடும் பாய்ப்படகுகளைப் பார்த்தபடி தேநீர் அருந்த ஒரு வெராண்டா. தகுதியானவர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும்."

'தகுதியானவர்கள்' என்பதற்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். வகுப்பில் பிழையான கணக்குக்குப் போடுவேனே, அந்தக் கோடு.

ஊற்றுமலைத் தோட்டத்துப் பங்களாதான் அது. அந்த ஜன்னல்களை முப்பது வருடம் துடைத்தவள் என் அம்மா. பங்களாவுக்குக் கீழே பள்ளத்தில் தொழிலாளர் வரிசை வீடுகள், நாலாம் லயம். அதில் ஏழாவது காம்பரா, ஒற்றை அறை. நான் பிறந்ததும் அங்கேதான், அம்மா இன்றைக்கும் இருப்பது அங்கேதான்.

நான் வாங்கப் போகிறேன். எழுதிவிட்டேன், இனிப் பின்வாங்க முடியாது.

ஆகஸ்ட் 12

பைத்தியமா எனக்கு? என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. காரணம் இருக்கிறது.

போன வருடம் மண்சரிவு பார்க்கும் அரசாங்க ஆட்கள் வந்து லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டை அளந்தார்கள். சுவரில் சிவப்பு அடையாளம் போட்டுவிட்டுப் போனார்கள். அடைமழை என்றால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும், வெயில் வந்தால் திரும்ப இறங்க வேண்டும். மீரியபெத்தையில் ஒரு காலை நேரத்தில் மலை சரிந்து லயங்களையே மூடியதைப் பார்த்த பிறகும் அம்மா அந்த மேட்டுக்குக் கீழேதான் படுக்கிறாள். ஹாலிஎலவில் என் வாடகை வீட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். "இந்த மலைய விட்டு எங்கயும் வரல" என்று ஒரே பாட்டு.

சரி, மலையை விட வேண்டாம். பங்களாவும் அதே மலையில்தான் இருக்கிறது, அதுவும் பாறை மேல். வெள்ளைக்காரன் தன் வீட்டுக்கு இடம் தேடும்போது காலால் தட்டிப் பார்த்துத் தேடினான். லயத்தை மிச்சம் கிடந்த பள்ளத்தில் கட்டினான்.

கார்த்திகை மழைக்கு முன்னால் அம்மாவை மேலே ஏற்றிவிட வேண்டும். ஹாலிஎலவில் வாங்கிப் போட்ட காணியை விற்கலாம். தம்பி ஜீவன் கத்தாரிலிருந்து பாதி தருகிறேன் என்கிறான். பணத்தைப் பற்றி இதற்கு மேல் இந்தக் கொப்பியில் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 17 – சனி

வீடு பார்க்கப் போனேன். தரகர் பண்டாரவளை ஸனூஸ் நானா. நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கேட்டில் நின்ற வாச்சர் என் குடையையே பார்த்தான். எனக்குத் தெரியும் எதற்கென்று. சின்ன வயதில் பங்களா கேட் வந்ததும் குடையை மடக்க வேண்டும். துரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வானமே கொட்டினாலும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் எல்லோரும் மடக்கினார்கள். நான் விரித்த குடையோடு முன்வாசல் படி வரைக்கும் நடந்தேன். அப்புறம் முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன்.

யாராவது கூப்பிட்டு நிறுத்துவார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மேலே போனால் – என்ன சொல்ல! அந்தப் பெரிய ஜன்னலில் நின்றால் ஆறு வந்து அகன்று நீர்த்தேக்கத்தில் சேரும் இடம் முழுக்கத் தெரிகிறது. அதில் நாலைந்து வெள்ளைப் பாய்கள். பிறந்து நாற்பத்தெட்டு வருடம் ஆகிறது, இதே மலையில் இவ்வளவு தண்ணீர் தெரியும் என்று எனக்குத் தெரியாது. லயத்திலிருந்து பார்த்தால் தேயிலையும் கக்கூசும்தான் தெரியும்.

"எப்பிடி டீச்சர்?" என்றார் ஸனூஸ் நானா.

"ஜன்னல் அழுக்கா இருக்கு" என்றேன்.

ஆகஸ்ட் 25

அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த வீட்டுக்கா? பின்வாசல் வழியா முப்பது வருசம் போயாச்சு. செத்தாலும் வரமாட்டேன். நீ வேணும்னா போயி தொரைசாணியா ஒக்காந்துக்க."

"மேடு சரிஞ்சா?"

"சரியட்டும்."

இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

செப்டம்பர் 3

விண்ணப்பத்தை நிரப்பினோம். வீட்டு உரிமையாளரான பெண்மணி மெல்போர்னில் இருக்கிறார், எல்லாம் கொழும்புச் சட்டத்தரணி மூலம்தான். விலாசம் என்ற இடத்தில் ஸனூஸ் நானா என் பேனையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஹாலிஎல விலாசத்தைப் போடுங்களேன். லயம், காம்பரா எண்டு போட்டா லோயர் ஐயா ஒரு மாதிரி பாப்பாரு. நான் கெட்டதுக்குச் சொல்லல்ல."

"பாக்கட்டும். அடையாள அட்டையில அதுதான் இருக்கு."

எழுதினேன், கொட்டை எழுத்தில்: வீ. சிவசக்தி, இல. 7, நாலாம் லயம், ஊற்றுமலைத் தோட்டம். தகுதி பார்ப்பவர்கள் நன்றாகப் பார்க்கட்டும்.

செப்டம்பர் 4

எழுதியது சரிதான். இரவு முழுக்க யோசித்தேன். சரிதான்.

செப்டம்பர் 29

பதில் இல்லை. ஸனூஸ் நானா உம்ராவுக்குப் போயிருக்கிறார், கூப்பிட்டால் மணி மட்டும் அடிக்கிறது. இல்லை என்றால் இல்லை என்றாவது எழுத மாட்டார்களா? லயத்து ஆளுக்கு மரியாதை அவ்வளவுதான்.

அக்டோபர் 14 – திங்கள்

மக்காவிலிருந்து வந்த பேரீச்சம்பழத்தோடு ஸனூஸ் நானா வாசலில் நின்றார். முகம் சரியில்லை.

"என்ன டீச்சர் இப்பிடிச் செஞ்சிட்டீங்க? வீட்டை ஒங்களுக்கே தாறம் எண்டு லோயர் லெட்டர் போட்டு மூணு கிழமை. பத்தாந்தேதிக்குள்ள எழுத்துல பதில் கேட்டிருக்காங்க. நீங்க ஒண்ணும் போடல்லயே!"

எந்தக் கடிதம்? எனக்கு ஒரு கடிதமும் –

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. லயத்து விலாசத்துக்குப் போடும் கடிதம் லயத்துக்கு வராது. தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும்போது பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவள் நான், இதை மறந்துவிட்டேன். இருபது வருடமாக ஹாலிஎல வாசலில் தபால்காரர் மணியடித்துக் கொடுக்க வாங்கிப் பழகிய திமிர். கொட்டை எழுத்தில் எழுதினாயே சிவசக்தி, அந்தக் கொட்டை எழுத்து எங்கே போய்ச் சேரும் என்று யோசித்தாயா?

கொழும்பிலிருந்து ஒரு டாக்டரும் மனைவியும் சனிக்கிழமை பார்க்க வருகிறார்களாம். வாங்குவது மாதிரித்தானாம்.

அக்டோபர் 15

ஆபீசில் கேட்டேன். பக்கத்துக் காம்பரா நல்லையா அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போயிருக்கிறார். அவரைக் கேட்டேன். "அன்னைக்கே ஒங்கம்மா பெரியாயி அக்கா கையில குடுத்துட்டேனே" என்றார்.

அம்மாவிடம் போனேன். அரிசி டின்னுக்கு அடியில், சீலைத் துண்டில் சுற்றி, உறை பிரிக்காமல் இருந்தது.

"ஏம்மா இத ஒளிச்சு வச்ச?"

"இங்கிலீசுல சீல் குத்தி லயத்துக்கு லெட்டர் வந்தா என்னா அர்த்தம்? காம்பராவ விடுன்னு அர்த்தம். அடுத்த லயத்துக் கருப்பாயிக்கு அப்பிடித்தான் வந்துச்சு. கெழவி ரிட்டயர் ஆயிட்டா, இன்னும் என்னா காம்பரான்னு."

"எம் பேருக்குத்தானே வந்திருக்கு!"

"அதான் இன்னும் பயம். ஒன்னையக் கையெழுத்துப் போட வச்சு என்னைய எறக்கிருவாங்க. பாக்காத லெட்டருக்கு எவனும் பதில் கேக்க முடியாது."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவளும் விடவில்லை. வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், ஆள் கூடிவிட்டது. கடைசியில் உறையைக் கிழித்து வரிக்கு வரி தமிழில் படித்துக் காட்டினேன்.

அம்மா சீல் குத்திய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப இது எடுக்குற லெட்டர் இல்லயா? குடுக்குற லெட்டரா?"

ஆமாம் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, திரும்பிக்கொண்டேன். எழுபத்து நாலு வயதில் அவளுக்கு முதல் தடவையாகக் கொடுக்கிற கடிதம் வந்திருக்கிறது. அதற்கும் பயந்து ஒளித்திருக்கிறாள். அவளைப் பயப்பட வைத்தவர்களை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

டாக்டர் வரும் நேரம் நானும் பங்களாவில் நிற்பேன் என்றேன். "சனிக்கெழம நானும் வாறேன்" என்றாள் அம்மா.

அக்டோபர் 19 – சனி

நல்ல மழை. கேட் வந்ததும் அம்மாவின் கை தானாகக் குடையை மடக்கியது. அவளுக்கே தெரியாமல். நனைந்தபடி பின்பக்கப் பாதையில் திரும்பினாள்.

"அம்மா, இந்தப் பக்கம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்து, என் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தேன். முன்வாசல் படியில் செருப்பைக் கழற்றப் போனாள். அதையும் விடவில்லை.

மேலே டாக்டர், அவர் மனைவி, ஸனூஸ் நானா. எங்களைக் கண்டதும் நானாவுக்கு வேர்த்தது, ஆனால் போகச் சொல்லவில்லை. நான் அந்த டாக்டரிடம் கடிதத்தைக் காட்டிச் சண்டை போடத் தயாராக வந்திருந்தேன். வசனமெல்லாம் மனப்பாடம். வாய் திறக்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

டாக்டரின் மனைவி ஜன்னலருகே நின்றார். வெளியே ஒரே வெள்ளை மூட்டம். அம்மாவைப் பார்த்து மரியாதையாகத்தான் கேட்டார்: "அம்மா, நீங்க இந்த இடத்து ஆளா? இதால எப்பவும் தண்ணி தெரியுமா?"

"தெரியுங்க. மாசியில நல்லாத் தெரியும். ஐப்பசியில மூடுச்சுன்னா தை வரைக்கும் இப்பிடித்தாங்க, வெள்ளச் சீல கட்டுன மாதிரி."

"கிறிஸ்மஸுக்கு?"

"ஒங்க கையே ஒங்களுக்குத் தெரியாதுங்க." பிறகு அறை நடுவில் போய் நின்று விரலால் காட்டினாள். "இங்க ஒழுகும். அந்தா அந்த மூலையில ஒழுகும். ஜன்னலுக்குக் கீழ ரெண்டு எடத்துல. நாலு வாளி வேணும். சிம்னியில வருசா வருசம் தேனீ கட்டும், பொக போட்டா வீட்டுக்குள்ளதான் வரும்."

டாக்டர் ஸனூஸ் நானாவைப் பார்த்தார். நானா கூரையைப் பார்த்தார். சரியாக அந்த நேரம் அம்மா காட்டிய மூலையில் ஒரு சொட்டு விழுந்தது.

இறங்கி வரும்போது கேட்டேன், வேண்டுமென்றே செய்தாயா என்று.

"கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். "முப்பது வருசத்துல அந்த வீட்டுல என்கிட்ட யாரும் எதுவும் கேட்டதில்ல."

அக்டோபர் 24

ஸனூஸ் நானா போன். டாக்டர் வீட்டார் டிசம்பரில் நத்தார் விடுமுறைக்குத்தான் வீடு தேடினார்களாம், வேண்டாம் என்றுவிட்டார்கள். டீச்சருக்கு இன்னும் விருப்பமா என்று சட்டத்தரணி கேட்கிறாராம்.

"ஒழுகுற வீடு எண்டு தெரிஞ்சும் வாங்கப் போறீங்களா?" என்று நானா கேட்டார். ஒழுகும், ஆனால் சரியாது என்றேன். பதிலை நானே கொழும்புக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கப் போகிறேன். தபாலை இனி நம்ப மாட்டேன்.

நவம்பர் 22

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதியாயிற்று. அதில் என் விலாசம்: இல. 7, நாலாம் லயம். சட்டத்தரணி ஒரு மாதிரி பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவே இல்லை. பரவாயில்லை. சாவி என் பையில்.

அம்மா இன்னும் வரவில்லை. "பாப்போம்" என்கிறாள். 'மாட்டேன்' போய் 'பாப்போம்' வந்திருக்கிறது.

நவம்பர் 26 – செவ்வாய்

இரண்டு நாளாக விடாத மழை. மத்தியானம் லயத்தைக் காலி பண்ணச் சொல்லி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எல்லோரும் பாயும் பிள்ளைகளுமாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இடமில்லை. அம்மா அரிசி டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றாள்.

"நல்லையா வீட்டயும் கூப்புடு, அவனுக்கு ரெண்டு கைப்புள்ள. அப்பன்னா வாறேன்."

கூப்பிட்டேன். கேட்டில் நல்லையா அண்ணன் குடையை மடக்கப் பார்த்தார். "மடக்காத" என்றாள் அம்மா. அவள் குடை விரித்தே இருந்தது.

உள்ளே வந்ததும் வாளிகளைத் தேடினாள். நாலு இடத்திலும் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

நவம்பர் 28

லயத்துக்குப் பின்னால் மேடு இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆறு, ஏழு, எட்டு – மூன்று காம்பராவும் பாதி வரைக்கும் மண்.

அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பார்த்தாள். "அடுப்பு போயிருச்சு" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள்.

ஜனவரி 14, 2025

பொங்கல் முன்வாசலில். நல்லையா அண்ணன் குடும்பம் இன்னும் எங்களோடுதான், வீடு கிடைக்கும் வரைக்கும். கீழ் வீட்டுக்காரர் புகை வருகிறது என்றார். பொங்கல் கொடுத்தோம், சாப்பிட்டார்.

பிப்ரவரி 9 – ஞாயிறு

மூட்டம் போய்விட்டது. தண்ணீர் முழுக்கத் தெரிகிறது, ஏழு பாய்ப்படகுகள். அம்மா எண்ணிச் சொன்னாள்.

நேற்று தபால்காரர் படியேறி வந்து முன்வாசலில் மணியடித்தாராம். நான் டியூஷனுக்குப் போயிருந்தேன். இன்று காலை தேத்தண்ணியோடு அம்மா ஒரு உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஆங்கிலம், சீல் எல்லாம் இருந்தது.

"நேத்து வந்துச்சு. படி. என்னா சொல்றாங்கன்னு கேப்போம்."

படித்தேன். மற்ற மூன்று வீட்டாரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். நீர்த்தேக்கத்தைப் பார்த்த வெராண்டாவில் சேலை காயப் போடுவது கட்டடத்தின் அழகைக் கெடுக்கிறதாம், தயவு செய்து பின்பக்கம் போடவும்.

"பின்பக்கம் வெயில் வராதே" என்றாள் அம்மா. "அது எனக்குத் தெரியாதா? முப்பது வருசம் தொரை வீட்டு உடுப்பெல்லாம் அங்கதான் காயப் போட்டேன், மூணு நாளானாலும் காயாது."

எழுந்து போய் வாளியில் கிடந்த பொங்கல் சேலையையும் பிழிந்து வெராண்டாவில் விரித்தாள். இப்போது இரண்டு. பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பதில் எழுது. காஞ்சதும் எடுத்துக்குவேன்னு எழுது. கீழ எம் பேரு, மேல் மாடின்னு விலாசம்."

தமிழில் எழுதிக் கொடுத்தேன். பேனையை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, பெரியாயி என்று கையெழுத்துப் போட்டாள்.