ரோசா கேட்ட சொல்

அக்டோபர் 14, செவ்வாய். பேர்லேண்ட், அமெரிக்கா.

வேலைக்குப் போகிறவர்களுக்காக ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் நடக்கும் பல்கலைக்கழக வகுப்பில் உயிரியல் பாடத்தை ஆங்கிலத்தில் நடத்துகிறேன். இன்று ரோசாவின் செமினார். ஐம்பத்திரண்டு வயது, வீடுகளைச் சுத்தம் செய்கிறவர். இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசியவர் அப்படியே நின்றுவிட்டார்.

எனக்குத் திருநெல்வேலிக் கல்லூரி ஞாபகம் வந்துவிட்டது. முதல் வருடம் நானும் இப்படித்தான் நின்றேன். "தமிழ் மீடியமா? இங்கிலீஷ் வரலைன்னா உக்காரும்மா," என்றார் சார். உட்கார்ந்தேன். அதற்கப்புறம் படிப்பு முடியும்வரை வகுப்பில் வாயே திறக்கவில்லை.

ரோசாவிடம், ஸ்பானிஷிலேயே சொல்லுங்கள் என்றேன். பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் போர்டில் அவர் போட்ட படத்தில் ஒரு தப்பில்லை. வகுப்பே கைதட்டியது.

எல்லோரும் போனபின் ரோசா வந்து, உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்.

"ஒளிச்சேர்க்கை."

பிளஸ் டூவில் சரஸ்வதி டீச்சர் பச்சை சாக்பீஸால் எழுதிப்போட்ட சொல். பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஒரு வகுப்பறையில் அதை நான் சத்தமாகச் சொன்னது இன்றுதான். ரோசா தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொன்னார். இன்னொரு தரம் கேட்டார். சொன்னேன்.

வரும் வழியெல்லாம் மற்ற சொற்களும் ஒவ்வொன்றாக வந்தன. பச்சையம். இலைத்துளை. நீராவிப்போக்கு. ஆஸ்மாசிஸுக்குத் தமிழில் என்ன எழுதினோம்? நாக்கு நுனியில் நிற்கிறது. தூக்கத்தில் கண் சொருகுகிறது.