தனித்தட்டு வேண்டாம்

சென்னை, மார்ச் 1960

அம்மாவுக்கு மகன் பரீதின் ஸலாம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

பயப்படாமல் கேளுங்கள், நல்ல சேதிதான். அத்தாவைக் கொண்டுபோன காசநோய் போன வருஷம் எனக்கும் வந்தது. அன்று அதே நோய் கண்ட நம்மூர்த் தோல்மண்டி முதலாளி மலை ஆஸ்பத்திரியில் தங்கிப் பிழைத்து வந்தார். அத்தாவுக்கு நம்மால் தனித்தட்டு வைக்கத்தான் முடிந்தது. எனக்கு இங்கே சர்க்கார் மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. அறையில் இருந்தபடியே விழுங்கினேன். நேற்று டாக்டர், “சளியில கிருமியே இல்லப்பா, தைரியமா ஊருக்குப் போய்ட்டு வா” என்றார். முதலாளி பிழைத்த நோயில் நானும் பிழைத்துவிட்டேன், அம்மா.

பெருநாளைக்கு வாரேன். நத்தம் மாங்காய் ஊறுகாய் எடுத்து வையுங்கள். தனியாகத் தின்று நாக்கு செத்துவிட்டது. வேலைக்குச் சங்கு ஊதுகிறது, கிளம்ப வேண்டும். அத்தாவின் தட்டை எனக்கு எடுக்காதீர்கள். தம்பிகளோடு ஒரே சகன் தட்டில் கை வைத்துச் சாப்பிடுவேன்.

பரீது