டெல்லாவுக்காக ஏரிக்கரையில் ஓர் ஒத்திகை

ஓக்லஹோமா,
ஏப்ரல் 19

அன்பு மகள் லீயானுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அலாஸ்காவில் பனி உருகத் தொடங்கியதா, நீயும் மாப்பிள்ளையும் குழந்தை டெல்லாவும் சுகந்தானா என்று எழுது. மே மாதம் நீங்கள் வரும்போது டெல்லாவைப் படுக்கை வைத்த நம் கேரவன் வண்டியில் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகவா என்று கேட்டதற்கு, புயல் காலத்தில் ஐந்து வயதுக் குழந்தையைத் தகரப் பெட்டிக்குள் படுக்கவைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். உன்னைச் சம்மதிக்க வைக்கத்தான் போன வாரம் நாங்கள் இருவரும் ஒத்திகை போய்வந்தோம். நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் நான் எழுதுவேன் என்று அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

வானிலை பார்த்து, கிளம்பும் நாளை இரண்டு தடவை தள்ளிப்போட்டு, பெரிய விஞ்ஞானிபோலத்தான் புறப்பட்டேன். சனிக்கிழமை மாலை மேற்கே வானம் பச்சையாய்க் கறுத்தது. அபாயம் என்றால் அலறும் ரேடியோ மேசைமேல் இருந்தது, அது வாயே திறக்கவில்லை. அதனால் பக்கத்து வண்டிக்காரர்கள் ஓடுவதைப் பார்த்து, வெளியூர்க்காரர்கள், பயந்த சுபாவம் என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே இறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வண்டி ஹார்லன், என் வயதுக்காரர், ஓடுகிற வழியில் நின்றார். "ஏன்யா, உன் ரேடியோ எந்த மாவட்டத்தக் கேட்டுக்கிட்டிருக்கு?" என்றார். எச்சரிக்கை மாவட்டம் மாவட்டமாகத்தான் வரும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் மாவட்டத்தை மாற்ற மறந்து, வீட்டில் வைத்தபடியே கொண்டுவந்திருந்தேன். நூறு மைல் தள்ளி நம் வாசலில் அடிக்கிற வெயிலை அது ஒழுங்காகக் காவல் காத்துக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பை அணைத்தாள். "வீடு பத்திரமா இருக்காம், வாங்க, நாம மட்டும் தப்பிச்சா போதும்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

குளியலறைக் கட்டடத்தின் கான்கிரீட் சுவருக்குள் இருபது பேர், நான்கு நாய்கள். சுழற்காற்று அக்கரையோடு போய்விட்டது, யாருக்கும் ஒன்றுமில்லை. வண்டி வாசலில் விரிக்கும் நிழல்துணி மட்டும் பறந்துபோய் ஒரு மரத்துக்குச் சொந்தமாகிவிட்டது. ஆனால் வண்டியிலிருந்து அந்தக் கட்டடம்வரை இருநூறு அடியை இந்த முழங்காலோடு நான் ஓடிக் கடந்த லட்சணத்துக்கு, டெல்லாவையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க முடியாது மகளே. அதை நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி.

ஆகவே ஏரிப் பயணம் புயல் காலம் முடிந்து அக்டோபருக்குப் போய்விட்டது. மே மாதம் டெல்லா நம் வீட்டிலேயே கேரவனில் படுக்கட்டும் என்று, இப்போது அதைக் கொல்லையில், புயலுக்கு இறங்கும் நிலவறைக் கதவை ஒட்டி நிறுத்தியிருக்கிறேன். டெல்லாவுக்குப் பதிலாக என்னை ஒரு மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடவைத்து, அம்மா கடிகாரத்தைப் பார்த்து அளந்தாள். படுக்கையிலிருந்து நிலவறைக்குப் பதினோரு விநாடி. ரேடியோ இனி அவள் பொறுப்பு.

கடவுள் உங்கள் மூவரையும் நன்றாக வைக்கட்டும். டெல்லாவின் ரப்பர் பூட்ஸை மறக்காமல் எடுத்துவா, கொல்லை முழுக்கச் சேறு. பதினோரு விநாடி உனக்குப் போதுமா என்று மட்டும் சீக்கிரம் எழுது. போதாது என்றால் வண்டியை இன்னும் நகர்த்துகிறேன்.

உன் அப்பா,
ராய்