மாடி வீட்டு ஏ.சி. தண்ணீர் வடிய வாறுகால் மூடியில் ஒரு துளை

அனுப்புநர்:
சுகிர்தா ஞானசிகாமணி,
ஓய்வுபெற்ற செவிலியர்,
14, கீழ்வீடு, கனகராயர் தெரு,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
தெரு மற்றும் வாறுகால் பணிகள் பிரிவு,
பாளையங்கோட்டை.

பொருள்: மாடியில் குடியிருப்போர் ஏ.சி.யைப் போட மறுப்பது குறித்துப் புகார். அதன் தண்ணீர் வடிய வாறுகால் (சாக்கடை) மூடியில் துளை இட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏ.சி. தண்ணீர் தலையில் சொட்டுகிறது என்று தங்களுக்கு எத்தனையோ மனுக்கள் வந்திருக்கும். சொட்டவில்லையே என்று வரும் மனு இது ஒன்றாகத்தான் இருக்கும். என் புகார், என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் திருமதி பிரம்மநாயகி மீது.

2. அவர் கணவர் திரு. சிவசைலம் சென்ற ஆண்டு படிக்கட்டில் விழுந்து, கழுத்தருகே தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் இருக்கிறார். இவ்வாறு அடிபட்டவர்களுக்கு உடம்பு சரியாக வியர்க்காது. வெயில் ஏற ஏற உடம்புச் சூடும் ஏறும், உயிருக்கே ஆபத்து. அவருக்கு ஏ.சி. சொகுசு அன்று, மருந்து. என் கணவர் மறைந்த பின் ஆண்டுதோறும் என்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போய், நான் உயிரோடிருப்பதைப் பென்ஷன் அலுவலகத்தில் நிரூபித்துக் கூட்டிவந்தவர் அவர். கூடப் பிறந்தவன்கூடச் செய்யமாட்டான்.

3. அந்த ஏ.சி.யின் தண்ணீர் குழாய் வழியாக எங்கள் வாசல் வாறுகாலில் விழுந்துகொண்டிருந்தது. கொசுத் தொல்லை தாங்காமல், இடுக்கு இல்லாமல் வாறுகாலை மூடித் தாருங்கள் என்று தெருவார் கேட்டோம். தாங்களும் கேட்டபடியே செய்து கொடுத்தீர்கள், மிக்க நன்றி. குழாயை மறந்தவர்கள் நாங்கள்தான். தண்ணீர் மூடியின் மேல் விழுந்து என் வாசல்படியில் பரவியது. சென்ற மாதம் பால் வாங்கப் போன நான் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எலும்புக்கு ஒன்றுமில்லை.

4. மறுநாளே பிரம்மநாயகி குழாயை மேலே இழுத்து பால்கனியில் ஒரு வாளிக்குள் விட்டார். சொட்டுகிற சத்தம் என் தூக்கத்தைக் கெடுக்குமாம். அதற்காகக் குழாயின் நுனியை வாளித் தண்ணீருக்குள் முக்கியும் வைத்தார். மேடேறி, நுனியும் மூழ்கிக் கிடக்கிற குழாயில் எது வடியும்? பணிக்காலம் முழுக்க நோயாளிகளுக்குச் சிறுநீர்ப் பை மாட்டியவள் நான். பை தாழ இருக்க வேண்டும், குழாய் மடங்காமல் சரிவாக இறங்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தண்ணீர் திரும்பி அறைக்குள் வந்து, சிவசைலத்தின் படுக்கை மேலேயே ஒழுகிற்று. அன்று அணைத்த ஏ.சி.தான். இப்போது பிரம்மநாயகி ஈரத்துணியால் அவர் உடம்பைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

5. குழாய் வெளிவரும் துளை பால்கனித் தரையை ஒட்டி இருப்பதால் வாளியை அதற்குத் தாழ வைக்க வழியில்லை. குளியலறை மறுகோடியில் இருப்பதால் அங்கே குழாய்க்குச் சரிவு கிடைக்காது. வீடு தெருவை ஒட்டியது; மண் தரையும் இல்லை. பழையபடி வாசலிலேயே விடு, நான் பார்த்து நடந்துகொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். “நீங்க விழுந்துட்டியன்னா எங்களுக்கு வேற ஆரு இருக்கா, அக்கா?” என்று கேட்கிறார். இப்படிப்பட்ட பிள்ளையிடம் என்ன சண்டை போடுவது? நேற்று மதியம் சிவசைலத்துக்கு உடம்புச் சூடு நூற்றிரண்டு. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தவள் நான்தான். அக்னி நட்சத்திரம் இன்னும் தொடங்கவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

6. ஆகவே, எங்கள் வாசலில் உள்ள மூடியில் அந்தக் குழாய் நுழையும் அளவுக்கு ஒரு துளை இட்டு, கொசு வராதபடி சுற்றிலும் அடைத்துத் தர இந்த வாரத்துக்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இன்னும் ஒன்று. உத்தரவை எனக்கு அனுப்ப வேண்டாம்; மாடிக்கு, பிரம்மநாயகி பெயருக்கே அனுப்புங்கள். கீழ்வீட்டு வாசலில் இனித் தண்ணீர் தேங்காது, ஏ.சி.யைப் போடலாம் என்று அதில் ஒரு வரி எழுதி, கீழே அலுவலக முத்திரையும் வையுங்கள். நான் சொன்னால் தன் மனம் நோகாமலிருக்கச் சொல்கிறேன் என்று நினைப்பார். தாங்கள் சொன்னால் நம்புவார்.

நாள்: 24.04.2025
இடம்: பாளையங்கோட்டை

இங்ஙனம்,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
சுகிர்தா ஞானசிகாமணி