கோட்டுக்கு உள்ளே சார், வெளியே டேய்

இன்று காலை வாட்ஸ்அப்பில் சங்கராபுரம் டோர்னமெண்ட் நோட்டீஸ் வந்தது. கோப்பைப் படம், நாலு பேர் கைகூப்பி நிற்கும் படம், எல்லாவற்றுக்கும் கீழே வழக்கமான வரி: ‘அம்பயரின் முடிவே இறுதியானது.’ அதற்கும் கீழே நாட்டில் வேறு எந்த நோட்டீஸிலும் இல்லாத ஒரு வரி: ‘அம்பயரைச் சார் என்றே அழைக்க வேண்டும்.’ நீ சண்டை போட்டுச் சேர்க்க வைத்த வரி. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, அதை எடுக்க ஒருத்தனுக்கும் தைரியம் வரவில்லை. படித்ததும் சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம் கண் கலங்கிவிட்டது, போ.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு நாம். நீ எனக்கு டேய், நான் உனக்கு டேய். முட்டி போனதும் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அம்பயர் ஆனாய். வாரத்தில் ஆறு நாள் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் கண்டக்டர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் தொப்பி. நான் ஆறு நாள் உரக்கடை, ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் டீமுக்குக் கோச். கோச் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும், அவ்வளவுதான். அதை நான் நன்றாகவே செய்தேன்.

உன் சட்டதிட்டம் இருக்கிறதே, அப்பப்பா! கேப்டன் ஒருத்தன்தான் பேசலாம். தொப்பியைக் கழற்றிவிட்டு, மூன்றடி தள்ளி நின்று, விரலை நீட்டாமல், ‘சார், ஒரு சந்தேகம்’ என்று ஆரம்பிக்க வேண்டும். “சந்தேகம் கேட்டா பதில் சொல்லுவேன். சண்டைக்கு வந்தா காது கேக்காது” என்பாய். நான் மட்டும் இதெல்லாம் எனக்கில்லை என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து காப்பியடித்தவனை எந்த மடையன் சார் என்று கூப்பிடுவான்?

அந்த ஃபைனல் நினைவிருக்கிறதா? மறந்திருக்க மாட்டாய். கல்வராயன் மலையிலிருந்து மினி லாரியில் வந்திறங்கிய பையன்களோடு ஆட்டம். எட்டு வருஷமாக நம் ஊர் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. கடைசி விக்கெட், ஐந்து பந்து, நாலு ரன். நம் ஆள் தட்டிவிட்டு ஓடினான், பவுலர் பந்தைப் பிடித்து ஸ்டம்பைத் தள்ளினான், நீ விரலைத் தூக்கிவிட்டாய். ஆனால் பந்து கைக்கு வருவதற்கு முன்பே பவுலரின் கால் பட்டு ஸ்டம்ப் விழுந்ததை நான் பார்த்தேன். அவன் முதுகு மறைத்ததால் உனக்குத் தெரியவில்லை.

கோட்டைத் தாண்டி ஓடி வந்தேன். “டேய்! கண்ணு இன்னா பொடனியிலயாடா இருக்கு? எவ்ளோடா வாங்கின?” என்று ஆரம்பித்து, உன் முட்டியையும் உன் பஸ்ஸையும்கூட விடவில்லை. நீ அசையவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஸ்கோர் எழுதுகிறவரிடம் கேட்டாய்: “இவரு யாருங்க? தெரிஞ்சவரா?”

எனக்கு உயிரே போய்விட்டது. முந்தின நாள் ராத்திரி என் வூட்டில் கறிக்குழம்பு தின்றவன் நீ!

அப்போதுதான் மலை டீம் கேப்டன் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றான். “சார், ஒரு சந்தேகங்க. பந்து வர்றதுக்கு முன்னாடியே எங்க பையன் கால் பட்டு குச்சி சாஞ்சிடுச்சிங்க. நீங்க பாத்தீங்களா இல்லையான்னு தெரியல, அதான் கேட்டேன்.” நீ பவுலரைக் கூப்பிட்டுக் கேட்டாய். அவன் தலையை ஆட்டினான். “நாட் அவுட்” என்றாய்.

நான் கத்தியதில் கண் இருந்தது, பொடனி இருந்தது, லஞ்சம் இருந்தது. கால் பட்ட சங்கதி மட்டும் இல்லவே இல்லை. நான் சொல்ல வந்ததை எதிராளி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அதோடு விட்டாயா? “இவரு மடிச்சுக் கட்டினத எறக்கி வுட்டுட்டு, முறையா ஒரு வார்த்த சொல்லிட்டு வெளிய போனாத்தான் அடுத்த பந்து. அஞ்சு நிமிசம். இல்லன்னா கப்பு அவங்களுக்கு.” பதினொரு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “அண்ணே, சொல்லிடுண்ணே, ஒரு வார்த்ததானே!” ஒரு வார்த்தைதான். நாலு நிமிஷம் போனது. கைலியை இறக்கிவிட்டேன். “தப்புதான்... சார்” என்றேன். மைதானமே விசிலடித்தது. நீ கொஞ்சமும் சிரிக்காமல், “சரிங்க, போங்க” என்றாய்.

அடுத்த பந்திலேயே நம் ஆள் போல்ட்! அத்தனை மானமும் ஒரு பந்துக்காகப் போனது.

ஆட்டம் முடிந்து நீ கோட்டைத் தாண்டினாய், தொப்பியைக் கழற்றினாய், தோளில் கை போட்டாய். “இன்னாடா, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு நிக்கிற? வா, டீ குடிக்கலாம். இப்ப திட்டு, எவ்ளோ வேணா திட்டு.” டீக்கடையில் ஒரு மணி நேரம் திட்டினேன். நீ பஜ்ஜி தின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். கடைசியில் சொன்னாய்: “பஸ்ஸுல பூரா நாளும் யோவ்தான். அது பரவால்ல, டிக்கெட் கிழிக்க மரியாத வேணாம். இங்க அப்படி இல்லடா. நீ கத்துனா எனக்குக் கோவம் வருது. கோவம் வந்தா கண்ணால பாத்ததே கலங்கிப் போவுது. அப்புறம் யாருக்குடா நான் நியாயம் சொல்றது?” அன்றைக்கு அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. உன் எதிரில் ஒப்புக்கொள்வேனா?

இப்போது என் டீமுக்கு முதல் பாடம் பேட்டிங் இல்லை. வரிசையில் நிறுத்தி, ‘சார், ஒரு சந்தேகம்’ சொல்ல வைக்கிறேன். கரும்பு வண்டிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, “கோச்சு ஸ்டம்புக்கு கும்புடு போடச் சொல்றாருடா” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன ஞாயிறு வேறொரு டோர்னமெண்டில் அரையிறுதி. மட்டையின் பக்கமே போகாத பந்துக்குப் புது அம்பயர் கேட்ச் அவுட் கொடுத்துவிட்டார். எங்கள் கேப்டன் முறையாகப் போய்க் கேட்டான். அவர் மாற்றவில்லை. தோற்றோம். நான் கைலியை இறக்கிவிட்டு நேரே அவரிடம் போய், “ரொம்ப நன்றிங்க சார்” என்றேன். பையன்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். விறுவிறுவென்று நடந்து சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினேன். வாய் நிறைய வசவு. பழக்கதோஷத்தில் உன்னைத் தேடித் திரும்பினேன்.

டேய், அது நாட் அவுட்டுடா. திட்டுவதற்கு நீ இல்லையேடா.