இடப்பக்கத்துக் குஞ்சு

எக்கா,

இதை எழுதும்போது என் ரவிக்கைக்குள் ஒரு கோழிக்குஞ்சு இருக்கிறது. சிரிக்காதீர்கள். விடிந்ததிலிருந்து சாரல் விட்டபாடில்லை. கணவாய்க் காற்று தென்னை மரங்களைப் பிடித்து உலுக்குகிறது. கரண்ட் எப்போதோ போய்விட்டது; குஞ்சுகளுக்குச் சூடு காட்ட அட்டைப்பெட்டிக்குள் கட்டிய குண்டு பல்பு சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. என் கையெல்லாம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் மணக்கிறது. எத்தனை தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த வாசனைதான் உங்களைக் கொண்டுவந்து எதிரில் உட்கார வைத்துவிட்டது. சும்மா இருந்தால் முந்தானையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். குஞ்சுக்குச் சூடு போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

காலையில் கீரி வந்தது. மழைக்கு வேலியோரம் ஒதுங்கியிருந்த உங்கள் செவலைக் கோழியின் மகளைப் பிடித்துவிட்டது. நான் விளக்குமாற்றோடு ஓடிப்போய்க் கத்திய கத்தலில் கீரி அவளை விட்டுவிட்டு ஓடியது. வலது இறக்கையின் அடியில் தோல் கிழிந்து சதை தெரிந்தது. அவளோடு திரிந்த எட்டுக் குஞ்சுகளும் திசைக்கு ஒன்றாகச் சிதறிவிட்டன. புண் எனக்குப் பெரிய காரியம் இல்லை. குஞ்சுகள்தான். புண் என் பக்கம், குஞ்சு உங்கள் பக்கம் என்றுதானே நமக்குள் பேச்சு? இப்படி இரண்டு வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்களே.

முதன்முதலில் நீங்கள் எதிர்வீட்டிலிருந்து ரோட்டைக் கடந்து என் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தபால் ஆபீஸ் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு, இலஞ்சியில் அவருக்காகக் கட்டிய வீட்டில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாரோடும் பேச்சு கிடையாது. நீங்கள் ஒரு கோழியை இரண்டு கையாலும் முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் எங்கள் மாமரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு வாசலில் நின்றீர்கள். கோழியின் முதுகை நாய் கவ்வியிருந்தது.

"எம்மா போஸ்டாபீசு, இதக் கொஞ்சம் பாரேன். எனக்கு ரெத்தத்தப் பாத்தா தல கிறுகிறுங்குது."

"மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. எனக்குக் கோழிய கொழம்புல மட்டுந்தான் தெரியும்" என்றேன்.

"கொழம்பு வைக்கதுன்னா நான் எதுக்கு ஒங்கிட்ட வாறேன்? இன்னைக்கு ஞாயித்துக்கெழம, அங்கன ஒரு ஆளும் இருக்காது. ஒங்க வீட்டுக்கார அய்யா காலுக்கு நீதான மருந்து போட்ட? தெருவுக்கே தெரியும்."

எனக்குச் சுரீரென்றது. சர்க்கரையில் வந்த அவர் கால் புண்ணை வருஷக்கணக்கில் கழுவிக் கட்டியவள் நான். விரல் போனது, பாதம் போனது, கடைசியில் அவரும் போனார். அவர் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கத்தரிக்கோல், இடுக்கி, பஞ்சு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். இனி எந்தப் புண்ணையும் தொடுவதில்லை என்று இருந்தேன். நீங்கள் அதைப் போட்டு உடைத்ததில் கோபம் கோபமாக வந்தது. கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் அப்போதுதான் கழுவிவிட்ட தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்துகொண்டிருந்தது. தரை பாழாகிறதே என்றுதான் கோழியை வாங்கினேன். பரிவெல்லாம் ஒன்றும் இல்லை.

ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை எடுத்தேன். கோழியின் தலையைத் துண்டால் மூடினால் அடங்கிவிடும் என்று நீங்கள் மரத்தைப் பார்த்தபடியே சொன்னீர்கள். அது ஒன்றுதான் நீங்கள் செய்த உதவி. புண்ணைச் சுற்றி இறகைக் கத்தரித்தேன். உப்புப் போட்ட வெந்நீரால் கழுவினேன். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துச் சிவப்பு வெளியே தெரியாதபடி கனமாகப் பூசினேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. முடிகிற வரைக்கும் எனக்கு அவர் கால் நினைவே வரவில்லை. அதை நினைத்து அன்று சாயங்காலம் அடுக்களையில் நின்று அழுதேன். உங்களிடம் நான் இதைச் சொன்னதே இல்லை.

"பொழச்சிக்கிடுமா?" என்று மாமரத்தைக் கேட்டீர்கள்.

"பொழைக்கும். மத்த கோழியோட விடாதீங்க, கொத்திரும்" என்றேன்.

அந்தக் கோழிதான் செவலை. பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் உங்களுக்குப் போஸ்டாபீசு இல்லை, உரிமையோடு கூப்பிடும் "ஏட்டி" ஆகிவிட்டேன். பருந்து, நாய், முள்கம்பி என்று தெருவில் எந்தக் கோழிக்கு எது வந்தாலும் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வருவீர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. சுந்தரபாண்டியபுரத்தில் உங்கள் அண்ணன் வீட்டுச் சேவல் வரைக்கும் பஸ் ஏறி என்னிடம் வந்திருக்கிறது.

ஆனால் குஞ்சு என்றால் ராணி நீங்கள். அடை வைக்கும் கூடையில் முட்டைகளுக்கு நடுவே கரித்துண்டும் இரும்பு ஆணியும் போடுவீர்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடாமல் அது பார்த்துக்கொள்ளுமாம். "ஆணி எப்படிக்கா இடியைத் தடுக்கும்?" என்று கேட்டால், "அத ஆணிகிட்ட கேளு" என்பீர்கள். குருணையைத் தரையில் தூவி விரல் நுனியால் தட்டித் தட்டிக் கொத்தப் பழக்குவீர்கள். ஆள் பார்க்கத்தான் முரடு.

சாரலில் நனைந்து விறைத்த குஞ்சை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரிந்தது கீரைக்காரர் முன்னால்தான். தண்டங்கீரைக் கட்டுக்கு நீங்கள் காரசாரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் நெஞ்சுக்குள்ளிருந்து "கீச்" என்று ஒரு சத்தம் வந்தது. அந்த மனிதர் பதறிப்போய் நீங்கள் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

"என்னக்கா இது, அசிங்கமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இதுல என்னட்டி அசிங்கம்? பிள்ளையளுக்குப் பால் குடுத்த எடந்தான? இடப்பக்கமா வச்சா நெஞ்சு அடிக்கது கேக்கும். தாய்தான்னு நெனச்சு ஒறங்கிரும்."

வருஷா வருஷம் சாரல் காலத்தில் உங்கள் இடப்பக்கம் ஒரு குஞ்சு இருக்கும். நீங்கள் பாட்டுக்குத் தோசை சுடுவீர்கள், சீட்டுப் பணம் கட்டப் போவீர்கள், அருவிக்கரைக் கூட்டத்தைத் திட்டிக்கொண்டே பஸ்ஸில் வருவீர்கள். குஞ்சு உள்ளேயே இருக்கும்.

அப்படியிருக்க, போன வருஷத்துக்கு முந்தின சாரலில் குஞ்சு வலப்பக்கம் போனது. "என்னக்கா, கட்சி மாறிட்டியளா?" என்று கேட்டேன். "இடப்பக்கம் வேத்துக் கசகசங்குது" என்றீர்கள். நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அந்தக் குளிரில் யாருக்கு வேர்க்கும்?

தீபாவளி கழிந்து சென்னையிலிருந்து உங்கள் மகள் வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இடது மார்பில் கட்டி. அதுவும் நாள்பட்ட கட்டி. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்துவிட்டார். கோழியின் கொண்டையில் ஒரு கீறல் என்றாலே தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர், இதை மட்டும் எப்படி எனக்குக் காட்டாமல் இருந்தீர்கள்? கோழிதான் நோய் வந்தால் கடைசிவரை காட்டாது. காட்டினால் கூட்டம் கொத்தும் என்று அதற்குப் பயம். உங்களை யார் கொத்தப் போகிறார்கள் என்று கேட்டேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினீர்கள்.

"நீ ஒரு புண்ணப் பாத்துப் பாத்து ஓஞ்சு போனவ. கோழியளால இப்பத்தான் சிரிக்குத. இன்னொண்ண எப்படிட்டி ஒங்கிட்ட கொண்டாருவேன்?"

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, எக்கா. என்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருந்தீர்களே என்ற கோபம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகள் கட்டை அவிழ்க்கப் பயந்து என்னைக் கூப்பிட்டாள். நான் என் டப்பாவோடு வந்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "கருப்பி அடையில இருக்காளே, முட்டை பொரிச்சிருச்சா? குஞ்சுக்குத் தண்ணி வைக்கும்போது செரட்டையில ரெண்டு கல்லப் போடு, விழுந்திராம" என்று பேசிக்கொண்டே இருந்தீர்கள். பிழைக்குமா என்ற கேள்வியை மட்டும் கேட்கவில்லை. நானும் கட்டி முடிக்கும்வரை குஞ்சுகளைப் பற்றியே பேசினேன். பொங்கலுக்குள் புண் நன்றாக ஆறிவிட்டது. தையல் கோடு காய்ந்து வெளுத்திருந்த ஒரு நாள், கண்ணாடி கேட்டீர்கள். ரத்தம் என்றால் மயங்கி விழுகிறவர், நேருக்கு நேராக, வெகுநேரம் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"செவலைக்கு நீ போட்டதவிட இது நல்லாத்தான் தச்சிருக்கு" என்றீர்கள்.

"செவலைக்குத் தையலே போடலக்கா. நீங்க எங்க பாத்தீய?" என்றேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்ததும் நான் கண்ணாடியை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

நான் மருந்து போட்ட புண் ஆறியது. நோய்தான் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டது. போன வருஷச் சாரலை நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் மகள் வீட்டைப் பூட்டும்போது கோழிகளைக் கறிக்கடைக்காரர் கேட்டார். நான் கூட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்துவிட்டேன். ஆனால் அடை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. இந்த வருஷம் செவலையின் மகள் என்னைக் கேட்காமல் விறகுக்குப் பின்னால் முட்டையிட்டு, அவளே அடைகாத்து, எட்டையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். டப்பாவை மட்டும் நான் மறுபடி பரணில் ஏற்றவில்லை. அடுக்களை அலமாரியில், கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. அது நீங்கள் செய்த வேலை.

காலையில் மருந்து போட்டுச் செவலையின் மகளைப் பெட்டிக்குள் வைத்தேன். அகப்பட்ட குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து விட்டேன். வலியில் முனகிக்கொண்டே நல்ல இறக்கையை விரித்து ஏழையும் அந்த ஒரு பக்கத்திலேயே அடக்கிக்கொண்டாள். எட்டாவது மட்டும் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தண்ணீரில் கிடந்தது. கழுத்து தொங்கியது, கண் மூடியிருந்தது. தாயிடம் வைத்துப் பார்த்தேன். அது தானாக நுழைந்துகொள்ளவும் இல்லை, அவள் அதைச் சேர்க்கவும் இல்லை. பல்பு இல்லை, நீங்களும் இல்லை. தெருவில் ஆள் இல்லை என்று தெரிந்தும் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் உள்ளே வைத்தேன். எனக்குப் பிள்ளை இல்லை, எக்கா. இந்த நெஞ்சில் இப்படி ஒன்றும் கிடந்ததில்லை. ஈரத்துணியைப் போலச் சில்லென்று ஒட்டிக்கொண்டது. இடப்பக்கம்தான் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு நேரம் அசைவே இல்லை. கொஞ்சம் முன்னால், ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, நகம் ஒன்று கீறியது. என் நினைப்பாக இருக்கும் என்று எழுதிக்கொண்டே போனேன். இப்போது மறுபடியும் கீறுகிறது. அலகால் எதையோ தேடிக் குத்துகிறது. நன்றாகவே வலிக்கிறது. கத்துகிறது, எக்கா! கீரைக்காரர் கேட்டால் விலையைக் குறைத்துவிடுவார், அப்படிக் கத்துகிறது.

இனி இதை எடுத்துத் துடைத்துத் தாயிடம் விட வேண்டும். அவள் சேர்த்துக்கொள்வாள் என்றுதான் நினைக்கிறேன். விட்டுவிடுவேன். மழை இன்னும் நிற்கவில்லையே, இன்னும் கொஞ்ச நேரம் இங்கனயே கிடக்கட்டும்.