கயிற்றின் மேல்முனை

மட்டாஞ்சேரி
1 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். ராத்திரி மணி பன்னிரண்டே முக்கால். நிவி இப்போதுதான் தூங்கினாள். உங்கள் மாப்பிள்ளை அனீஷேட்டன் மூன்று மணிக்கு எழுந்து தோப்பும்படி ஹார்பருக்கு லாரி எடுக்கப் போக வேண்டும். அதனால் அடுக்களை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு மேடைமேல் காகிதம் வைத்து நின்றபடி எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் அதுதான் காரணம்.

போனில் சொல்லலாம்தான். நீங்கள் “ஆங்? ஆங்?” என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எல்லாம் புரிந்ததுபோல “சரி மோளே” என்று வைத்துவிடுவீர்கள். வாட்ஸப்பில் போட்டால் அண்ணன் வெங்கிடேஷ் அதை உங்கள் காதில் கத்திப் படிப்பான். திருப்பூர் தெருவே கேட்கும். போன மாதம் நிவியின் வயிற்றுப்போக்கைப் பற்றி உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தாராமே.

விஷயம் இதுதான். எனக்கு இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று, பிரசவத்துக்கு முன் நான் இருந்த அதே எறணாகுளம் ஆஸ்பத்திரி, அதே சர்ஜரி வார்டு. ஸ்டாஃப் நர்ஸ். மாதத்தில் ஆறு நாள் நைட் டியூட்டி, தொடர்ந்தாற்போல. இன்னொன்று, காக்கநாடு பக்கம் ஒரு நர்ஸிங் காலேஜில் ட்யூட்டர். டீச்சர் வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது முதல் நாலு வரை. ஞாயிறு லீவு. பிள்ளைகள் “மிஸ்” என்று கூப்பிடும். சம்பளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பதினைந்தாம் தேதிக்குள் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளையை நினைத்தால் டீச்சர் வேலை. அதில் சந்தேகமே இல்லை. பகலில் இங்கே எதிர் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். இரவில்தான் ஆள் இல்லை. நைட் டியூட்டி முடிந்து நான் வீடு வர எட்டரை ஆகும். அனீஷேட்டன் போவது மூன்று மணிக்கு. நடுவில் அந்த ஐந்தரை மணிநேரம் நிவி யாரிடம் இருப்பாள்? அனீஷேட்டனின் அம்மா கும்பளங்கியில் மூத்த மகனின் இரண்டு பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறார், அவரைக் கூப்பிட முடியாது. நர்ஸ் என்றாலும் நானும் ஒரு பயந்த அம்மாதான். ராத்திரி மூன்று தடவை எழுந்து அவள் மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் அப்பா, ஆஸ்பத்திரி கடிதத்தைப் பிரித்தபோது என் கை அதை மடிக்கவில்லை. காலேஜ் கடிதத்தை ஒழுங்காக மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன். அதை நானே அப்புறம்தான் கவனித்தேன்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? காதில் மெஷின் வைக்கிறீர்களா, இல்லை டப்பாவில் தூங்குகிறதா?

உங்கள்
மஞ்சு

*

திருப்பூர்
6-6-2025

என் மகள் மஞ்சுஷாவுக்கு அப்பா.

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு தடவை படித்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டீச்சர் வேலையைப் பிடி. வேறு பேச்சு வேண்டாம்.

இங்கே எல்லோரிடமும் உன்னை டீச்சர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. நர்ஸ் என்றால் அடுத்த கேள்வி வரும். டீச்சர் என்றால் எழுந்து நாற்காலி தருவார்கள்.

நான் மட்டாஞ்சேரியில் முப்பத்தொரு வருஷம் கார்ப்பரேஷன் வேலை பார்த்தேன். இருபது வருஷம் சாக்கடைக் கானைக்குள் இறங்கி அள்ளினேன். பதினொரு வருஷம் மேலே கயிறு பிடித்து நின்றேன். இறங்குகிறவன் இடுப்பில் ஒரு முனை, என் கையில் ஒரு முனை. உள்ளே இருந்து கூப்பிட்டால் ரோட்டு இரைச்சலில் யாருக்கும் கேட்காது. ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு இழுப்பு என்றால் தூக்கு. காது போன பிறகு எல்லாரும் என்னோடு ஜோடி சேரத்தான் போட்டி போட்டார்கள். மற்றவன் பஸ் ஹாரன் கேட்டால் திரும்பிப் பார்ப்பான். எனக்குக் கயிறு மட்டும்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. இதெல்லாம் எதற்காகச் செய்தேன் என்று சொல்கிறேன். நான் அள்ளியது போதும். என் பிள்ளை இன்னொருத்தர் மலத்தையும் சலத்தையும் அள்ள வேண்டாம்.

இங்கே சாயா வாயில் வைக்க முடியவில்லை. மீன் ஐஸ் பெட்டியில் இருந்து வருகிறது, கண்ணைப் பார்த்தாலே தெரியும். மருமகள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். குறை சொல்லக்கூடாது.

மெஷின் டப்பாவில் இருக்கிறது. வைத்தால் விசில் அடிக்கிறது.

மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் அன்பு.

அப்பா
ரங்கசாமி

*

மட்டாஞ்சேரி
12 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று நாள் பதில் எழுதாமல் இருந்தேன். முதல் நாள் கோபம். இரண்டாம் நாள் மழை, நிவிக்குச் சளி. மூன்றாம் நாள் காலேஜில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். நீங்கள் சொன்னீர்களே என்று போனேன். மனதில் ஒன்றை முடிவு செய்துகொண்டு போகவில்லை, நம்புங்கள்.

படுக்கையில் கிடக்கும் நோயாளியை எப்படித் துடைத்து, கீழே இருக்கும் விரிப்பை மாற்றுவது என்பது பாடம். கட்டிலில் ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை. சுற்றி நாற்பது பிள்ளைகள். பின்னால் பிரின்சிப்பல் மேடம். நான் தண்ணீரின் சூட்டைப் பார்த்துவிட்டு, வாய் தானாகத் திறந்து பொம்மையிடம் சொன்னேன்:

“சேச்சி, என் பேரு மஞ்சுஷா. இப்ப உங்களை இடது பக்கம் திருப்பப் போறேன், கேட்டோ. வலிச்சா சொல்லணும்.”

வகுப்பே சிரித்தது. முன் வரிசையில் ஒரு பெண், “மிஸ், அதுக்குக் காது கேக்காது” என்றாள். எங்கள் அப்பாவுக்கும்தான் கேட்காது, அவரிடம் சொல்லாமல் தொட்டுப் பார், தெரியும் என்றேன். இன்னும் சிரித்தார்கள். மேடம் மட்டும், “பொம்மைகிட்ட சம்மதம் கேட்டு நேரம் களையாதீங்க, மஞ்சுஷா” என்றார். ஆனால் அப்புறம் செய்து காட்ட வந்த ஒவ்வொரு பிள்ளையும் பொம்மையிடம் பேர் சொல்லிவிட்டுத்தான் தொட்டது. கடைசியில் மேடமே என்னைக் கூப்பிட்டு, உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறது, விட்டுவிடாதீர்கள் என்றார்.

எனக்கும் பிடித்திருந்தது அப்பா. பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நன்றாகச் செய்தாய் மஞ்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோப்பும்படி பாலம் ஏறும்போதுதான் அந்தப் பொம்மை ஞாபகம் வந்தது. நான் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்சம் நின்றிருக்கிறேன். பழக்கம். வார்டில் என்றால் ஒரு முனகலாவது வரும். “மெதுவா மோளே” என்பார்கள். சிலர் திட்டுவார்கள். அந்தத் திட்டைக் கேட்டு, கையை எங்கே இளக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வேன். எனக்கு வரும் வேலை அதுதான். புதிதாக வரும் நர்ஸ்களுக்கு அங்கே வைத்தே சொல்லிக்கொடுப்பேன். பொம்மையை மட்டும் வருஷக்கணக்காகத் திருப்பிப் போட என்னால் ஆகாது.

இன்று ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். காலேஜ் மேடத்தை நேரில் பார்த்து நன்றி சொல்லி வந்தேன்.

மலம் அள்ளுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் சின்னவளாக இருந்தபோது நீங்கள் டிப்போவிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவீர்கள். ஆபீஸ் வேலை என்று நாலாம் வகுப்பு வரை நினைத்திருந்தேன். டியூட்டி முடிந்து வந்தால் நானும் குளித்த பிறகுதான் நிவியைத் தொடுவேன். நீங்கள் வெட்கப்பட்டுக் குளித்தீர்கள். நான் கிருமிக்காகக் குளிக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். நிவி என்னை ஆபீஸ் வேலை என்று நினைக்க வேண்டாம்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். முதல் நைட் டியூட்டி ஜூலை ஏழாம் தேதி தொடங்கும். மாதத்தில் அந்த ஆறு நாள் நீங்கள் இங்கே வந்து இருக்க முடியுமா? மூன்று மணியிலிருந்து எட்டரை வரை. நல்ல சாயா, கண் தெளிந்த மீன், இரண்டும் என் பொறுப்பு.

உங்கள்
மஞ்சு

*

திருப்பூர்
17-6-2025

மஞ்சுஷாவுக்கு,

கையெழுத்துப் போட்ட பிறகு அப்பாவிடம் கேட்பது எந்த ஊர் வழக்கம்? போகட்டும். உன் அம்மா பேச்சியம்மாளும் இப்படித்தான். சேலையை வாங்கி உடுத்திக்கொண்டு வந்து, எடுக்கட்டுமா என்று கேட்பாள்.

நீ எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. டிப்போ குளியலைப் பற்றி எழுதியதை மட்டும் வெங்கிடேஷ் கண்ணில் படாமல் மடித்து வைத்தேன்.

ஆனால் நான் வர முடியாது.

ஒன்றை உன்னிடம் மறைத்தேன். டீச்சர் டீச்சர் என்று நான் அடம் பிடித்தது மானத்துக்காக மட்டும் இல்லை. நைட் டியூட்டி என்றால் நீ என்னைத்தான் கூப்பிடுவாய். கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல வேண்டி வரும். அதற்குப் பயந்துதான்.

மார்ச்சில் அங்கே வந்திருந்தேனே, அப்போது ஒருநாள் நீ குளிக்கப் போனாய். பிள்ளை பாயில் தூங்கினாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்தேன். நீ தலையில் துண்டோடு ஓடி வந்து அவளைத் தூக்கினாய். முகம் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தது, அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரம். நீ அவளைத் தோளில் போட்டுக்கொண்டே எனக்கு ஒரு சாயா போட்டுத் தந்தாய். அந்தச் சாயாவை நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை மோளே.

மெஷின் வைத்துக்கொண்டு தூங்க முடியாது. விடிய விடிய முழித்திருக்க எனக்கு வயசும் இல்லை. செவிட்டுக் கிழவனிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் நீ வார்டில் நிம்மதியாக வேலை செய்வாயா? வேறு ஆள் பார்.

அப்பா

*

மட்டாஞ்சேரி
22 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

மறுபடியும் நடுராத்திரிதான். நீங்கள் எழுதியதைப் படித்து முதலில் அழுதேன். பிறகு அடுக்களையில் கொடிக்கயிறு தேடினேன்.

மார்ச்சில் நடந்ததை நான் மறக்கவில்லை. மறந்ததாகப் பொய் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அன்று நான் தப்பு செய்தேன். காது கேட்காதவரின் முதுகுக்குப் பின்னால் பிள்ளையைப் படுக்க வைத்தேன். வார்டில் நோயாளிக்குக் கை எட்டாத இடத்தில் பெல்லை வைத்தால் திட்டு நர்ஸுக்குத்தான் விழும், நோயாளிக்கு இல்லை.

இப்போது கேளுங்கள். நிவி பாயில் படுப்பதில்லை. உத்தரத்துக் கொக்கியில் சேலைத் தொட்டில் கட்டியிருக்கிறோம். அவள் விழித்தால் முதலில் அழ மாட்டாள். காலை உதைப்பாள். தொட்டில் குலுங்கும். அதன் மேல்முடிச்சில், பிள்ளையின் கை எட்டாத உயரத்தில், கயிற்றின் ஒரு முனையைக் கட்டினேன். மறுமுனை பக்கத்தில் படுத்தவர் மணிக்கட்டில்.

முந்தாநாள் ராத்திரி அனீஷேட்டனை வைத்துப் பரீட்சை பார்த்தேன். காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் பைக் ஹெல்மெட். ஹெல்மெட்டோடு படுத்துத் தூங்கிய மனிதரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் அடுத்த அறையில் கதவிடுக்கில் நின்றேன். ஒன்று நாற்பதுக்கு நிவி உதைத்தாள். அவள் வாய் திறக்கும் முன் இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நேற்று மறுபடியும் பார்த்தோம். இரண்டு தடவை விழித்தாள், இரண்டு தடவையும் எழுந்தார். “உன் அப்பனுக்கு இது ஜோலி, எனக்கு இது சிட்சை” என்று சொல்லிவிட்டு ஹார்பருக்குப் போனார். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன், கயிறு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நீங்கள் வருவது ஜூலை மூன்றாம் தேதி என்றால், நான் வீட்டில் இருக்கும் நாலு ராத்திரி சேர்ந்தே பழகிவிடலாம். அந்த நாலில் ஒரு தடவை தவறினாலும் நான் வேறு ஆள் பார்க்கிறேன், உங்களை வற்புறுத்த மாட்டேன். எதிர் வீட்டுச் சாவியும் ஒன்று உங்களிடம் இருக்கும், ஏதாவது என்றால் போய் அவர்களை எழுப்பலாம். நர்ஸின் பயம், எல்லாவற்றுக்கும் இரண்டாவது வழி வேண்டும்.

அப்பா, பதினொரு வருஷம் மேலே நின்றேன் என்று எழுதினீர்கள். அந்தப் பதினொரு வருஷத்தில், கயிறு அசைந்து நீங்கள் அறியாமல் போன நாள் ஒன்று உண்டா? உண்டு என்றால் அதை எழுதுங்கள், நான் இனிமேல் கேட்கவே மாட்டேன். இல்லை என்றால் அண்ணனிடம் சொல்லி டிக்கெட் எடுங்கள். மெஷினை டப்பாவோடு கொண்டுவாருங்கள், பகலில் நான் திட்டுவது கேட்க வேண்டும். திருப்பூரில் யாராவது கேட்டால், டீச்சர் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றே சொல்லிக்கொள்ளுங்கள். இங்கே வந்த பிறகு மாற்றிச் சொன்னால் போதும்.

ஒன்றாம் தேதிக்குள் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
மஞ்சு